வெளிநாட்டில் தீவிர ஆங்கிலப் பயிற்சி: எல்லைப்புறத் தமிழ் மாணவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் போன்ற ஊர்களில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, சித்தூரிலோ பாலக்காட்டிலோ கோவையிலோ பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு வெளிநாடு செல்ல முயலும் மாணவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். பாடத்தில் நல்ல மதிப்பெண் வைத்திருப்பவர்கள்கூட ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் அரைப் புள்ளி, ஒரு புள்ளி குறைந்து நிற்கும்போது, "அங்கேயே போய் ஆறு மாதம் இங்கிலீஷ் படித்துவிட்டு அப்படியே காலேஜில் சேர்ந்துகொள்ளலாம்" என்ற யோசனை யார் மூலமாவது வந்து சேர்கிறது. இந்தத் தீவிரப் பயிற்சி, சரியான ஆளுக்குச் சரியான இடத்தில் அமைந்தால் உண்மையிலேயே பெரிய உதவியாகும். பொருந்தாத இடத்தில் சேர்ந்தால், நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய பணம் ஒரே பருவத்தில் கரைந்துவிடும். ஆகவே எந்த நாடு, எந்த நகரம் என்று பேசுவதற்கு முன்னால், இறுதியில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பில் சேரப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து பயிற்சி நிலையத்தைத் தேடுங்கள்.

அதற்கு முதல் வேலை, அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து, ஆங்கிலத் தகுதிக்கு என்னென்ன வழிகளை அது ஏற்கிறது என்று பார்ப்பது. பல பல்கலைக்கழகங்கள் ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் மதிப்பெண்ணுக்குப் பதிலாக, தாம் நடத்தும் அல்லது தாம் அங்கீகரித்த ஆங்கிலப் பயிற்சியின் குறிப்பிட்ட நிலையை முடித்தால் போதும் என்று ஏற்றுக்கொள்கின்றன. சில, பாடத்துக்கான தகுதி இருந்தால் நிபந்தனையுடன் கூடிய சேர்க்கைக் கடிதமே தந்துவிடுகின்றன. ஆனால் பயிற்சி நிலையத்தின் விளம்பரத் தாளில் "எங்கள் சான்றிதழை நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன" என்று இருந்தால் அதை நம்பி நின்றுவிடாதீர்கள். நீங்கள் சேரப் போகும் பல்கலைக்கழகமே அந்த நிலையத்தின் பெயரைத் தன் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பணம் கட்டியவர்கள், பயிற்சியை முடித்த பிறகும் மறுபடி தேர்வு எழுதும்படி ஆகிறது.

அடுத்தது, உங்களுக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்ற கணக்கு. ஆங்கிலத் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலைத்தான் பெரும்பாலான நிலையங்கள் பயன்படுத்துகின்றன. அதில் பி2 என்பது ஐ.இ.எல்.டி.எஸ்-இல் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை; 7-லிருந்து சி1 தொடங்குகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற, ஆசிரியரோடு கற்கும் நேரமாக ஏறத்தாழ 200 மணி தேவை என்பது பொதுவான கணிப்பு. வாரம் 20 மணி நேரம் நடக்கும் பயிற்சியில் இது பத்து வாரம் ஆகும். அதுவும் வகுப்புக்கு வெளியே படிப்பவர்களுக்கு. நான்கு வாரத்தில் 5-லிருந்து 6.5-க்கு உயர்த்தித் தருவதாகச் சொல்பவர்களை இந்தக் கணக்கு ஒன்றை வைத்தே விலக்கிவிடலாம்.

அரைப் புள்ளி மட்டும் குறைவாக இருந்தால் வெளிநாட்டுப் பயிற்சி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. எழுத்துத் தாளில் குறைந்த அரைப் புள்ளியை ஊரிலிருந்தே, நல்ல ஆசிரியர் ஒருவரிடம் கட்டுரைகளைத் திருத்தி வாங்கி எட்டிவிடலாம். அதேபோல, எளிய வாக்கியம் எழுதவே தடுமாறும் நிலையில் இருப்பவர்கள் அடிப்படையை டாலரில் விலை கொடுத்து வாங்குவதும் வீண். அதை இங்கே கற்றுக்கொண்டு, பி1 அளவுக்கு வந்தபின் கிளம்பலாம். ஹைதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பட்டு இன்று மத்தியப் பல்கலைக்கழகமாக இருக்கும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினருக்கே ஆங்கிலம் கற்பித்து வருகிறது என்பதை நம் பெற்றோர் பலர் அறியார். நர்சிங் படித்தவர்களுக்கு ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு), ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சியை, வெளிநாடுவாழ் கேரளத்தாருக்கான அரசு அமைப்பான நோர்கா ரூட்ஸின் அயல்மொழி நிலையம் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் தருகிறது. வெளிநாட்டுத் தீவிரப் பயிற்சி அதிகம் பயன்படுவது இடையில் இருப்பவர்களுக்குத்தான்: படித்தால் புரியும், எழுதினால் ஓரளவு வரும், ஆனால் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கவோ நான்கு பேர் முன் வாதிடவோ முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

மணிக்கணக்கைப் பிரித்துப் பார்த்தல்

நிலையங்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் மொத்தக் கட்டணத்தையே பார்க்கிறார்கள். நெல் வாங்குபவர் மூட்டைகளை எண்ணுவதோடு நிற்காமல் எடை போட்டுப் பார்ப்பதைப்போல, நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு மணி நேரப் பயிற்சியின் விலை. இங்கே கவனம் தப்பும் இடம் ஒன்று உண்டு. "வாரம் 20 பாடவேளை" என்று எழுதியிருந்தால், ஒரு பாடவேளை எத்தனை நிமிடம் என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது 45 நிமிடமாக இருந்தால் வாரம் 15 மணி நேரமே கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிலையம் 12 வாரத்துக்கு 3,600 டாலர் கேட்டு, வாரம் 45 நிமிடப் பாடவேளை இருபது தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 மணி, மணிக்கு 20 டாலர். இன்னொன்று அதே 12 வாரத்துக்கு 4,200 டாலர் கேட்டு, வாரம் 50 நிமிடப் பாடவேளை இருபத்தைந்து தந்தால் மொத்தம் 250 மணி, மணிக்கு 16.80 டாலர். மலிவாகத் தோன்றியது விலை கூடியதாகவும், ஒரு படி ஏறுவதற்கே போதாததாகவும் இருக்கிறது. அத்துடன், அந்த மணிகளுள் ஆசிரியர் முன்னிலையில் நடப்பவை எத்தனை, கணினி முன் தனியாக அமர்ந்து செய்பவை எத்தனை, "கலாச்சாரச் சுற்றுலா" என்ற பெயரில் சேர்க்கப்பட்டவை எத்தனை என்பதையும் கேளுங்கள். மாதிரி வார அட்டவணை ஒன்றை அனுப்பச் சொன்னால் ஒளிவுமறைவு இல்லாத நிலையம் உடனே அனுப்பிவிடும்.

அங்கீகாரமும் விசாவும்

ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வேறு. அமெரிக்காவில் இத்தகைய படிப்புக்கு எஃப்-1 விசா வேண்டும். வகுப்பறைப் பாடமே முதன்மையாக இருக்கும் மொழிப் பயிற்சியில் அந்த விசாக்காரர் வாரம் குறைந்தது 18 மணி நேரம் வருகை தர வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, தீவிர ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் அந்நாட்டுக் கல்வித் துறை ஏற்றுக்கொண்ட தரச்சான்று அமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்றிருக்க வேண்டும். சி.இ.ஏ., ஏ.சி.சி.இ.டி. என்பவை அவ்வாறு சான்று வழங்கும் அமைப்புகள். அவற்றின் இணையதளங்களில் நிலையத்தின் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் அப்பல்கலைக்கழகமே நடத்தும் பயிற்சி, அதன் சொந்த அங்கீகாரத்துக்குள்ளேயே வந்துவிடும். அமெரிக்காவைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு: பயிற்சியை முடித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், ஊருக்குத் திரும்பாமலேயே செவிஸ் என்ற அந்நாட்டு வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி மட்டும் ஆங்கிலப் பயிற்சிக்குக் கிடையாது. "படித்துக்கொண்டே வெளியே வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் அது பொய்.

இங்கிலாந்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பைப் பார்வையாளர் விசாவிலும், ஆறு முதல் பதினொரு மாதம் வரையிலான ஆங்கிலப் படிப்பைக் குறுகியகாலப் படிப்பு விசாவிலும் முடிக்கலாம். இரண்டிலும் வேலை செய்ய அனுமதி இல்லை. அங்கிருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாறவும் முடியாது, ஊருக்கு வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் இங்கிலாந்தில் பட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு, பட்டப் படிப்பு தொடங்கும் முன் பல்கலைக்கழகங்களே கோடையில் நடத்தும் ப்ரீ-செஷனல் ஆங்கில வகுப்புகள் தனியார் மொழிப் பள்ளிகளைவிடப் பெரும்பாலும் பொருத்தமானவை.

ஆஸ்திரேலியாவின் விதிகள் மாணவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருபவை. அங்கே எலிகாஸ் என்று அழைக்கப்படும் இந்தப் படிப்பு வாரம் குறைந்தது 20 மணி நேரம் நேருக்கு நேர் நடக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 18 மாணவருக்கு மேல் இருக்கக் கூடாது. நிலையமும் படிப்பும், வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் நிலையங்களுக்கான கிரைகாஸ் என்ற அரசுப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ஆங்கிலப் படிப்பையும் பட்டப் படிப்பையும் ஒரே விசாவில் சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. நிலையம் திடீரென்று மூடப்பட்டால், மாற்று இடமோ மீதிப் பணமோ கிடைக்கச் செய்வதற்கென்று அரசின் கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றும் இயங்குகிறது. கனடாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு ஸ்டடி பெர்மிட் வேண்டும்; ஆங்கிலம் மட்டும் படிக்கும் காலத்தில் அங்கேயும் வேலைக்கு அனுமதி இல்லை.

யார் கற்பிக்கிறார், யார் பக்கத்தில் அமர்கிறார்

ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பது ஒன்றே கற்பிக்கும் தகுதி ஆகிவிடாது. தனியார் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குக் குறைந்தது செல்டா அல்லது அதற்கு இணையான சான்றிதழ் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நிலையங்களில் ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் இருப்பார்கள். செல்டா என்பது குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், உண்மையான மாணவர்கள் முன் மதிப்பிடப்படும் கற்பித்தலும் கொண்டது. ஆசிரியர்களின் பெயரும் தகுதியும் இணையதளத்தில் இல்லாத நிலையத்திடம் அவற்றைக் கேட்டுப் பெறுங்கள். உச்சரிப்புக்குத் தனி நேரம் ஒதுக்குகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நம் பிள்ளைகள் தமிழோடு மலையாள எழுத்துகளையும் கற்று வளர்வதால் க, ப போன்ற ஒலிகளின் வல்லோசையையும் மெல்லோசையையும் (k–g, p–b) பிரித்துக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. எஃப், இசட் ஒலிகளிலும் சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பதிலும்தான் உழைப்பு தேவைப்படுகிறது.

வகுப்பில் எந்தெந்த நாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தைப் பெற்றோர் கேட்பதே இல்லை. நான் இதைக் கட்டணத்துக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். பதினைந்து பேரில் பத்துப் பேர் ஒரே மொழிக்காரர்களாக இருந்தால் இடைவேளை முழுவதும் அந்த மொழியிலேயே கழியும். நமக்கு இது இரட்டைச் சிக்கல், ஏனென்றால் தமிழர் இருந்தால் தமிழில் பேசுவோம், மலையாளிகள் இருந்தால் மலையாளத்தில் பேசுவோம். டொரான்டோவின் ஸ்கார்பரோ, லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களில் அறை எடுத்தால் கடைக்குப் போகக்கூட ஆங்கிலம் வேண்டியதில்லை. புதிய ஊரில் நம்மவர் துணை பெரிய ஆறுதல்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதல் மூன்று மாதமாவது ஆங்கிலம் பேசும் குடும்பத்தோடு தங்கினால், சாப்பாட்டு மேசையில் நடக்கும் பேச்சே தினமும் ஒரு பாடவேளைக்குச் சமமாகிவிடும். சைவ உணவு வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே, முட்டையும் மீனும்கூட இல்லாத உணவு என்று விவரமாக எழுதிவிடுங்கள்.

பணம், ஏஜென்ட், காகிதங்கள்

கட்டணத்தில் பயிற்சிக் கட்டணம் ஒரு பகுதிதான். பதிவுக் கட்டணம், பாடப்புத்தகம், மருத்துவக் காப்பீடு, தங்குமிடம் பார்த்துத் தரும் கட்டணம் ஆகியவை தனித்தனியே வரும். அமெரிக்காவுக்கு விசா விண்ணப்பத்துக்கு 185 டாலரும் செவிஸ் பதிவுக்கு 350 டாலரும் உண்டு. இவை மாறக்கூடியவை என்பதால் கட்டும் நாளில் தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில், எந்தக் கணக்குக்குத் திரும்பி வரும் என்ற விதியை எழுத்தில் பெறாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பணத்தை ஏஜென்டின் கணக்கில் கட்டாமல் நிலையத்தின் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள்.

ஏஜென்டிடம் போவதில் தவறில்லை. ஆனால் அவருக்கு நிலையத்திடமிருந்து கமிஷன் வருகிறது என்பதையும், கமிஷன் தராத பல்கலைக்கழக நிலையங்களை அவர் தாமாகக் காட்டமாட்டார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவர்கள் அந்தப் பதிவுக்குள் வருவதில்லை, ஆகவே "அரசுப் பதிவு பெற்றவர்" என்று பலகையில் இருந்தால் எதற்கான பதிவு என்று கேட்க வேண்டும். கேரள அரசின் ஒடெபெக் நிறுவனத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தனியார் சொல்வதை ஒத்துப் பார்க்க அங்கே விசாரிக்கலாம்.

வங்கிக் கடன் வாங்குவோர், தனி மொழிப் படிப்புக்குக் கடன் உண்டா, அல்லது பட்டப் படிப்பின் நிபந்தனைச் சேர்க்கைக் கடிதத்தோடு சேர்த்தால்தான் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நம் பகுதியில் வீடு இந்தப் பக்கமும் தென்னந்தோப்பு பொள்ளாச்சிப் பக்கமுமாக உள்ள குடும்பங்கள் ஏராளம். இங்கே வில்லேஜ் ஆபீஸில் வாங்கும் பொசஷன் சர்டிபிகேட், தண்டப்பேர் (நில உரிமைக் கணக்கு), கரம் (நிலவரி) கட்டிய ரசீது ஒருபுறம். அங்கே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மறுபுறம். இரண்டு மாநிலக் காகிதங்களையும் வங்கியின் வக்கீல் பார்த்துக் கருத்துச் சொல்ல நாள் பிடிக்கும் என்பதால், வகுப்பு தொடங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

பெயர் விஷயத்தையும் அப்போதே சரிசெய்ய வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தலைப்பெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தும், ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருப்பது தமிழ்ப் பிள்ளைகளிடம் சகஜம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டு, விசாவுக்காகப் பயிற்சி நிலையம் தரும் ஐ-20 படிவத்திலும் அதே வடிவத்தில் பெயர் வரச் செய்யுங்கள்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகும் மொழிப் பயிற்சி மாணவரிடம் எழக்கூடிய இயல்பான கேள்வி, "ஆங்கிலம் கற்க இந்தியாவில் இடமில்லையா?" என்பது. மனப்பாடம் செய்த பதில் அங்கே நிற்காது. தமிழ் வழியில் படித்தேன், இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு நிபந்தனைச் சேர்க்கை கிடைத்திருக்கிறது, அதற்கு இந்த நிலையை முடிக்க வேண்டும், செலவை இவர் ஏற்கிறார், படித்து முடித்து ஊரில் இன்ன வேலை செய்யப் போகிறேன் என்று உள்ளதை உள்ளபடி எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பின்னோக்கித் திட்டமிட்டு வந்தவருக்கு இந்தப் பதில் தானாகவே அமைந்திருக்கும்.

நிலைத் தேர்வு நாள்

போய்ச் சேர்ந்ததும் முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ உங்களை எந்த வகுப்பில் அமர்த்துவது என்பதற்கான நிலைத் தேர்வு நடக்கும். இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் கணினியில் கேள்விகள், அரைமணி நேரத்தில் எழுத வேண்டிய ஒரு கட்டுரை, பிறகு ஓர் ஆசிரியருடன் பத்து நிமிடப் பேச்சு என்று அது பொதுவாக அமைந்திருக்கும். நம் மாணவர் இலக்கணத்தில் மளமளவென்று விடை தருவார். பேச்சில், கேள்வி புரிந்தும் விடையைத் தமிழில் யோசித்து மாற்றிக்கொண்டிருப்பதற்குள் ஆசிரியர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மொத்த மதிப்பெண்ணின் சராசரியை வைத்து ஒரே நிலையில் அமர்த்தும் நிலையத்தில், இவருக்கு இலக்கண வகுப்பு தெரிந்ததையே திரும்பச் சொல்வதாகவும், பேச்சு வகுப்பு எட்டாததாகவும் ஆகிவிடும். ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி நிலை தரும் நிலையம் தமிழ் வழி மாணவருக்கு மிகவும் ஏற்றது. சேரும் முன் அனுப்பும் மின்னஞ்சலில் இந்தக் கேள்வியைத் தவறாமல் சேருங்கள்.

தேர்வுக்கென்று தனியாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் விடை கேட்கவும் வேண்டாம். தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் சிக்கிக்கொண்டால் பருவ முடிவில் தேறாமல் அதே நிலைக்கு மறுபடி கட்டணம் கட்ட நேரும். வாரம் ஒன்று முடிவதற்குள் வகுப்பு பொருந்தவில்லை என்று தெரிந்தால், ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, கல்விப் பொறுப்பாளருக்கு எழுத்து மூலம் மாற்றம் கேளுங்கள். பல நிலையங்களில் இந்த மாற்றம் முதல் சில நாள்களுக்குள் மட்டுமே நடக்கும்.